வலி தலைவிதியா? பழக்கம் பாவமா?

மனிதனுக்கு வரும் துன்பங்களில் இரண்டைப் பற்றி மாத்திரம் நம் ஜனங்கள் டாக்டரைக் கேட்பதற்கு முன் ஜோசியனையும் பூசாரியையும் கேட்கிறார்கள். ஒன்று, தீராத உடல் வலி. மற்றொன்று, அபின் இனத்து மருந்துகளுக்கு அடிமைப்பட்டுப் போவது. முதலாவதை முன் ஜென்ம வினை என்கிறார்கள். இரண்டாவதை இந்த ஜென்மத்துப் பாவம் என்கிறார்கள். ஆகவே இரண்டுக்கும் மருந்து வேண்டியதில்லை, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவினால் சாகிறவன் ஒருவன், தட்சணை வாங்குகிறவன் வேறொருவன் என்பதை மாத்திரம் யாரும் கவனிப்பதில்லை.

நமது பக்கத்துச் சங்கதியையே எடுத்துக் கொள்ளுவோம். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு மலையேறி, ஏலத் தோட்டத்தில் பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்து பாடுபட்டு, பொழுது சாய்ந்த பின் திரும்புகிற ஆணையும் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். இடுப்பு, முழங்கால், கழுத்து என்று வலிக்கும் இடங்களை எண்ணுவதைவிட வலிக்காத இடத்தை எண்ணுவது சுலபம். இவர்களில் ஒருவன் வலி பொறுக்காமல் மாத்திரை வாங்குகிறான். முதலில் ஒன்று போதும். சில வாரத்தில் இரண்டு வேண்டும். பிறகு நான்கு வேண்டும். அது ட்ரமடாலாகவோ டேபென்டடாலாகவோ இருந்தால், அது அபின் போலவே மூளையில் வேலை செய்யும் சரக்கு என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ட்ரமடாலை 2018-ல் சர்க்கார் போதைப் பொருள் சட்டத்திற்குள் கொண்டு வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் மாட்டிக் கொண்டு விட்டார்கள்.

இப்படி மாட்டிக் கொண்டவன் ஒரு நாள் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகிறது? மூக்கு ஒழுகுகிறது. வயிறு கலக்குகிறது. எலும்பெல்லாம் குத்துகிறது. உடம்பு நடுங்குகிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. உடனே வீட்டார் "யாரோ ஏவல் வைத்து விட்டார்கள்" என்று கயிறு கட்ட அழைத்துக் கொண்டு போகிறார்கள். ஏவலுமில்லை, பேயுமில்லை. நாள்தோறும் வெளியிலிருந்து அபின் சரக்கு வந்ததனால் மூளை அதற்கேற்றபடி தன்னை மாற்றி அமைத்துக் கொண்டது. சரக்கு நின்றதும் தடுமாறுகிறது. அவ்வளவுதான் ரகசியம். தாகம் எடுத்தவனை "தாகம் எடுக்காதே" என்று சபித்தால் தாகம் போய்விடுமா?

நிற்க, வைதீக வைத்தியத்தின் யோக்கியதையைச் சிறிது பார்ப்போம். சபரிமலைக்கு மாலை போட்டவன் ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்கிறான். மாலையைக் கழற்றிய அன்றே அநேகர் கடை வாசலில் நிற்பதை நமது குமுளி ரோட்டு ஜனங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பயம் இருக்கும்வரை அடக்கம். பயம் நீங்கினால் பழைய கதை. இது குடியில் ஏமாற்றத்தோடு போகிறது. அபின் இனத்திலோ உயிரையே வாங்கிவிடுகிறது. எப்படியென்றால், சில வாரம் நிறுத்தியிருந்தவனுடைய உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்து விடுகிறது. அது தெரியாமல் முன்பு போட்ட அளவையே போட்டால் மூச்சு அடங்கிச் சாகிறான். ஜெயிலிலிருந்து வந்தவனும், மருந்தில்லாமல் பூட்டி வைத்து "சுத்தப்படுத்திய" இல்லத்திலிருந்து வந்தவனும் முதல் சில வாரங்களில் சாவது உலகமெங்கும் கண்ட உண்மை.

பூட்டி வைப்பதன் கோரத்திற்கு நம் நாட்டில் சாட்சி தேட வேண்டியதில்லை. 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். தர்காவின் மகிமையால் குணமாகும் என்று நம்பிக் கொண்டு வந்து விடப்பட்டவர்கள் அவர்கள். கோவிலானாலென்ன, தர்காவானாலென்ன, மாதா கோவிலானாலென்ன, சங்கிலிக்கு மதம் கிடையாது. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. மது, போதை இவற்றால் வரும் மனக் கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் அடங்கும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

அப்படியானால் வழி என்ன? வழி கண்டுபிடித்து அறுபது வருஷமாகிறது. 1965-ல் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள் மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்து, ஹெராயினில் அழிந்து கொண்டிருந்தவர்களை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பிக் காட்டினார்கள். பிற்பாடு வந்தது பூப்ரெனார்பின். இது நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. மூளையில் அபின் உட்காருகிற அதே இடத்தில் இதுவும் உட்காருகிறது. ஆனால் பாதி வேலைதான் செய்கிறது. அதனால் தவிப்பு அடங்குகிறது. அளவோடு கொடுத்தால் மயக்கம் வருவதில்லை. மூச்சை அடக்கும் அபாயமும் குறைவு. இவ்விரண்டையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2005-ல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் சாதாரண டாக்டர்களே பூப்ரெனார்பின் எழுதிக் கொடுக்க அனுமதித்த பின், 1995-க்கும் 1999-க்கும் இடையில் அளவு மீறிய சாவுகள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. எந்த ஸ்தலத்து மகிமையாவது இப்படி ஒரு கணக்குக் காட்டியதுண்டா?

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று சில பெரிய மனிதர்கள் கேட்பார்கள். நாம் அவர்களைக் கேட்கின்றோம்: மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவரைக் கண்ணாடிக்கு அடிமை என்கிறீர்களா? இன்சுலின் போடுகிறவரைப் பாவி என்கிறீர்களா? மாத்திரைக்காகப் பெண்டாட்டியின் தோட்டை அடகு வைத்தவன், டாக்டர் கொடுத்த மருந்தைக் காலையில் வைத்துக் கொண்டு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் கூலியோடு வீடு திரும்பினால், அது குணமா, கெடுதியா? இந்த மருந்தையும் சிலர் திருட்டுத்தனமாக ஊசியில் ஏற்றிக் கொண்டதுண்டு. அதை நாம் மறைக்கவில்லை. அதற்காகத்தான் அங்கீகாரம் பெற்ற மையத்தில், கண் முன்னே கொடுக்கிறார்கள். சில பேருக்கு மாதக் கணக்கு, சில பேருக்கு வருஷக் கணக்கு மருந்து வேண்டியிருக்கும். அவசரப்பட்டு நிறுத்தினால் மறுபடியும் விழுகிறார்கள்.

"பழைய இடுப்பு வலி அப்படியே இருக்கிறதே, அதற்கு என்ன?" என்று நோயாளி கேட்பது மிகவும் நியாயம். பூப்ரெனார்பினுக்கே வலி தணிக்கும் குணமுண்டு. ஒரு நாளைய அளவை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் வலிக்கும் கேட்கும். இதோடு தேகப் பயிற்சி முறைகளும், அபின் இனமல்லாத மருந்துகளும் உண்டு. ஆகையால் வலியைச் சொன்னவுடனே "மாத்திரைக்கு நடிக்கிறான்" என்று விரட்டுவது வைத்தியமாகாது.

இனி, புற்றுநோய்க்காரரின் கதியைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் சர்க்கார் லைசென்சோடு அபின் விளைகிறது. அதிலிருந்து எடுக்கப்படும் மார்பின் உலகத்தாருக்குப் போய்ச் சேருகிறது. விளைவித்த நாட்டிலோ, 1985-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகு, பல லைசென்சுகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரி மார்பின் வைத்துக் கொள்ளலாம் என்ற கெடுபிடியினால், எத்தனையோ பேர் கதறிக் கதறியே மாண்டார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, ஒரே அனுமதி போதும் என்றாக்கினார்கள். நமது மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி தணிப்பு வேலை வளர்ந்து, 2008-ல் அந்த சர்க்காரின் கொள்கையாகவே ஆயிற்று. மலைக்கு அந்தப் பக்கத்து மனிதனின் வினை மாத்திரம் மருந்துக்குக் கட்டுப்படுமோ? இல்லை. வினை என்பதே பொய். மருந்து கொடுத்தால் வலி தணியும், கொடுக்காவிட்டால் தணியாது.

அபின் இனத்துப் பழக்கத்துக்கு உதவி வேண்டியவர்கள் இந்தியாவில் ஏறக்குறைய 77 லட்சம் பேர் என்று 2019-ல் சர்க்கார் வெளியிட்ட கணக்கே கூறுகிறது. இவர்களில் பலர் போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. அந்தப் பயத்திற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. போதைப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாகவே சிகிச்சைக்குச் சேர்ந்தால், தண்டனை வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுதும் முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வழி கேட்க 14446, 14416 என்ற இரண்டு டெலிபோன் எண்களும் இருக்கின்றன. கயிறு கட்டப் போகிற பஸ் சார்ஜில், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போய் வரலாம்.

ஆகவே, நமது கோரிக்கை இதுதான். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் பூப்ரெனார்பின் கொடுக்க ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் மார்பின் இருக்க வேண்டும். மலையேறிப் பிழைக்கிறவன் ஒரு நாள் கூலியை இழக்காமல் மருந்து வாங்கும்படி காலை நேரம் ஒதுக்க வேண்டும். சீட்டில்லாமல் மாத்திரை விற்கிறவனைப் பிடிக்க வேண்டும். வாங்கி மாட்டிக் கொண்டவனைக் காப்பாற்ற வேண்டும். இப்பொழுது பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவரைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் தவறுவது அவருடைய மானத்தைக் கெடுக்குமே தவிர நோயைத் தீர்க்காது. கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மானமுள்ள மனிதனாக அவர் மறுபடியும் நடமாட அதுவே வழி.