இளவரசனை யாரிடம் ஒப்படைப்பது?

சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ கணினி விளையாட்டில், நாடு பிடிப்பதைவிடப் பிள்ளை வளர்ப்பதே பெரிய வேலை. அரசர் இறந்ததும் ஆட்டக்காரர் அவருடைய வாரிசாக மாறித்தான் ஆட்டத்தைத் தொடர வேண்டும். வாரிசு சோடைபோனால் முன்னோர் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடும். ஆகவே பிள்ளைக்கு 6 வயது நிறைந்ததும் ஒரு காப்பாளரை அமர்த்தி, 16 வயதுவரை அவர் பொறுப்பில் விடுகிறோம். ராஜதந்திரம், போர், நிர்வாகம், சூழ்ச்சி, கல்வி ஆகிய ஐந்தில் எதில் பயிற்றுவது என்று தீர்மானித்துவிட்டு, அந்தத் துறையிலும் கல்வியிலும் கூடுதல் மதிப்பெண் உள்ளவரைத் தேடிப் பிடிப்பது வழக்கம். காப்பாளரின் குணம் பிள்ளையிடம் படியலாம், அவருடைய பண்பாட்டுக்கும் மதத்துக்கும்கூடப் பிள்ளை மாறிவிடலாம் என்பதையெல்லாம் விளையாட்டு நுட்பமாகக் கணக்கில் எடுக்கிறது. ஆனால், இடைக்கால அரண்மனைகளை அலைக்கழித்த கேள்வி வேறு. பிள்ளையைக் கையில் வைத்திருப்பவர் நாளை எவ்வளவு வலிமை பெறுவார் என்பதே அது. காப்பாளரை ஆசிரியராக மட்டும் பார்ப்பதால் விளையாட்டு இதைத் தவறவிடுகிறது.

இடைக்காலத்தில் மேற்கு ஆசியாவை ஆண்ட செல்ஜுக் துருக்கியர்களின் வரலாறு இதற்கு வலுவான சான்று. அங்கே இளவரசர்களை வளர்க்கும் பொறுப்பு அதாபேக் என்ற பதவியில் இருந்த தளபதிகளிடம் தரப்பட்டது. டமாஸ்கஸை ஆண்ட செல்ஜுக் அரசர் துகாக்கின் அதாபேக்காக இருந்தவர் துக்தெகின். துகாக்கின் தாயையே மணந்துகொண்ட அவர், 1104இல் துகாக் இறந்ததும் அவருடைய கைக்குழந்தையின் பெயரால் ஆட்சியைப் பிடித்தார். பிறகு அந்தப் பெயரும் தேவைப்படவில்லை. 1154இல் நூருத்தீன் நகரைக் கைப்பற்றும்வரை துக்தெகினின் வழிவந்தவர்களே டமாஸ்கஸை ஆண்டார்கள். அந்த நூருத்தீனின் தந்தை செங்கியும் 1127இல் சுல்தானின் மகனுக்கு அதாபேக்காகவே மோசூலுக்கு வந்து, தன் வம்சத்தை அங்கே நிறுவியவர். இவர்கள் எவ்வளவு நன்றாகப் பாடம் சொல்லித் தந்தார்கள் என்பது முடிவை மாற்றியிருக்காது. படை, கோட்டை, பிள்ளை மூன்றும் ஒரே கையில் இருந்ததே காரணம்.

ஆட்சிப் பொறுப்பாளர் என்ற தனி ஏற்பாடு 2023இல் விளையாட்டில் சேர்க்கப்பட்டுவிட்டதே, சிறுவயது அரசரிடமிருந்து அவர் அதிகாரத்தை உறிஞ்சத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். நல்ல சேர்க்கைதான். ஆனால், வளர்ப்பவர், ஆள்பவர் என்று இரண்டு பதவிகளாகப் பிரித்து வைப்பதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. இங்கிலாந்து அப்படிப் பிரித்துப் பார்த்தது. 1216இல் 9 வயது மூன்றாம் ஹென்றி அரியணை ஏறியபோது ஆட்சி வில்லியம் மார்ஷல் என்ற பிரபுவிடம் இருந்தது, சிறுவன் வின்செஸ்டர் ஆயர் பீட்டர் டெ ரோஷின் பொறுப்பில் இருந்தான். மார்ஷல் கடைசிவரை விசுவாசமாக நடந்துகொண்டவர். 1219இல் மரணப் படுக்கையில் இருந்தபோது அவரை வாட்டியது, சிறுவன் யார் கையில் போவான் என்பதுதான். டெ ரோஷிடம் விட மறுத்துப் போப்பின் தூதர் பண்டுல்ஃபிடம் ஹென்றியை ஒப்படைத்தார். அந்த அச்சம் வீண்போகவில்லை. 1232இல், வளர்ந்து ஆளான ஹென்றியின் அவையில் அதே டெ ரோஷ் மீண்டும் செல்வாக்குப் பெற்றார். அதற்கு எதிராக மறு ஆண்டே கலகம் வெடித்தது, அதன் தலைவர் மார்ஷலின் மகன் ரிச்சர்ட்.

இதையெல்லாம் சேர்த்தால் விளையாட்டு சிக்கலாகிவிடும் என்பது இன்னொரு வாதம். ஒவ்வொரு பிரபுவின் நட்பையும் பகையையும் ரகசியத்தையும் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் விளையாட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது. காப்பாளராக இருந்த ஆண்டுகள், பின்னாளில் ஆட்சிப் பொறுப்பாளரின் அதிகாரத் தராசில் எடையாகச் சேரட்டும். பேராசை கொண்ட பிரபு, தன் கோட்டையில் வளரும் வாரிசைத் திருப்பித் தர மறுக்கும் வாய்ப்பும் இருக்கட்டும். அப்போது, கல்வியில் சிறந்த அண்டை நாட்டுப் பிரபுவா, சுமாராகப் படித்த சொந்தச் சித்தப்பாவா என்று முடிவெடுக்க ஆட்டக்காரருக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. சித்தப்பாவுக்கும் அரியணையில் உரிமை உண்டு என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.