கணக்குக் கேட்டவன் மூடனா?

நைஜீரியாவின் 2012 ஜனவரிப் பொது வேலைநிறுத்தத்தைப் பற்றியும், அதையொட்டி 'முதலில் அரசு தன் ஊதாரித்தனத்தைக் குறைக்கட்டும்' என்று அந்நாட்டுக் குடிமக்கள் எழுப்பிய குரலைப் பற்றியும் நண்பர் எழுதியிருக்கும் நெடுங்கட்டுரையை வாசித்தேன். வரிக்கு இரண்டு பொருளியல் கலைச்சொற்களைத் தூவி அவர் சொல்ல வருவது இவ்வளவுதான்: எரிபொருள் மானியமே மகா வீண்செலவு, அதை ஒழித்த அரசை எதிர்த்துக்கொண்டே வீண்செலவைக் குறை என்றவர்கள் மூடர்கள், அல்லது எவராலோ ஏவப்பட்டவர்கள். இரண்டில் எது என்று தீர்மானிக்கும் சிரமத்தை அவர் மேற்கொள்ளவில்லை. தொடக்கத்தில் விவரமறியா மந்தையாக இருப்பவர்கள், கட்டுரை முடிவதற்குள் தேர்ந்த சூழ்ச்சிக்காரர்களாகப் பதவி உயர்வு பெற்றுவிடுகிறார்கள்.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். புத்தாண்டு நாளில், ஒரே அறிவிப்பில், லிட்டர் 65 நைராவாக இருந்த பெட்ரோல் 140ஐத் தாண்டியது. மின்சாரத்தை நம்பிப் பயனில்லாததால் தையற்கடை முதல் முடிதிருத்தகம் வரை ஜெனரேட்டரில் ஓடும் ஒரு நாட்டில் அதன் பொருள் என்ன என்பது கிடக்கட்டும். நண்பருக்குப் பிடித்த எண்களுக்கே வருவோம். 2011க்கு மானியத்துக்கென ஒதுக்கப்பட்டது 24,500 கோடி நைரா. உண்மையில் வெளியேறியது 2.58 லட்சம் கோடி என்று நாடாளுமன்றக் கீழவையின் விசாரணைக் குழு பின்னர் கண்டது. பத்து மடங்குக்கும் மேல்! அத்தனையையும் லாகோஸின் மஞ்சள் வேன்களா குடித்துத் தீர்த்தன? 2006இல் விரல்விட்டு எண்ணும்படி இருந்த இறக்குமதியாளர்கள் 2011இல் 140 ஆகப் பெருகியதையும், 2009 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் தலா 99.9 கோடி நைராவாக 128 முறை கருவூலம் பணம் வழங்கியதையும், மானியத் தொகையில் பெரும்பங்கு அரசின் சொந்த எண்ணெய்க் கழகத்துக்கே போனதையும் அதே குழுதான் எழுதி வைத்தது. ஏழைக்குக் கிடைத்த சலுகையையும் ஏழையின் பெயரால் எழுதப்பட்ட கள்ளக் கணக்கையும் ஒரே தலைப்பின் கீழ்க் கூட்டி, மொத்தத்தையும் ஏழையின் பற்றில் வைப்பதற்குப் பெயர் பொருளியல் என்றால், அந்தச் சாத்திரம் நண்பரோடேயே இருக்கட்டும்.

மானியத்தை ஒரு கும்பல் தின்கிறது என்று முழங்கியவர்களும் அன்றைய அதிபர் குட்லக் ஜோனாதன் அரசின் ஆட்களே. கும்பல் இருப்பது தெரிந்திருந்தால் பிடிப்பதற்கு என்ன தடை? திருடனைப் பிடிக்க வக்கில்லாததால் வீட்டையே விற்றுவிடுகிறேன் என்று சொல்லும் காவல்காரனை எவரும் சிக்கனத்துக்கு உதாரணம் காட்டமாட்டார்கள். நண்பர் காட்டுகிறார்.

இரண்டாவது, 'அற்பத் தொகை' வாதம். 2012 வரவுசெலவுத் திட்டத்தில் அதிபர் மாளிகையின் உணவுக்காக ஏறத்தாழ 100 கோடி நைரா கேட்கப்பட்டிருந்ததைத் தெருவில் நின்றவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாட்டின் மொத்தச் செலவில் அது கடுகளவு என்று சிரிக்கிறார் நண்பர். கடுகளவுதான், மறுக்கவில்லை. அப்படியானால் வேலைநிறுத்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆட்சிப் பொறுப்பில் உள்ள அரசியல் பதவியாளர்களின் அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் குறைக்கிறேன் என்று அதிபர் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தது ஏன்? அற்பமென்றால் அந்தப் பேச்சே எடுக்கத் தேவையில்லையே. படிகளிலும் சலுகைகளிலும் கைவைக்காமல் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கிள்ளிக் காட்டிய அந்தச் சாதுரியத்தை லாகோஸ் ஓஜோட்டா மைதானத்தில் வெயிலில் நின்றவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். குளிரூட்டிய அறையில் எழுதுபவருக்கு மட்டும் ஏனோ பிடிபடவில்லை. மேலும், செலவுக் குவியல் மாளிகைச் சமையலறையோடு நின்றதா? நடுவண் அரசின் அமைப்புகளை ஆராய ஜோனாதனே 2011இல் நியமித்த ஒரோன்சாயே குழு, 2012 ஏப்ரலில் கொடுத்த அறிக்கையில் 541 வாரியங்களையும் ஆணையங்களையும் முகமைகளையும் எண்ணிக் காட்டியது. சட்டப்படி அமைந்தவை 263. அவற்றை 161ஆகக் குறைக்கலாம் என்றது. குடிமக்கள் கேட்டதும் ஏறக்குறைய அதையே. அவர்கள் சொன்னால் வெகுஜனக் கூச்சல், குழு சொன்னால் நிர்வாகச் சீர்திருத்தமா?

மூன்றாவது, 'பின்னணி'. எதிர்க்கட்சித் தலைவர் போலா டினுபு அந்த விலை உயர்வைக் கண்டித்து எழுதினார், ஆகவே போராட்டமே அவருடைய நாடகம் என்கிறார் நண்பர். உழைப்பாளர் சங்கங்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள், வேலையற்ற இளைஞர்கள் என்று திரண்ட கூட்டம் முழுவதையும் ஒரு அரசியல்வாதியின் சட்டைப் பையில் திணிப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆனால் வேடிக்கை இனிமேல்தான். அதே டினுபு 2023 மே மாதம் அதிபராகப் பதவியேற்ற நாளிலேயே மானியம் போய்விட்டது என்று அறிவித்தபோது, நண்பருக்கு அவர் தீர்க்கதரிசியாகிவிடுகிறார். 'வரலாறு தீர்ப்பளித்துவிட்டது' என்று ஒரு பத்தி முழுக்கக் குதூகலம். 2012இல் சூழ்ச்சிக்காரர், 2023இல் மேதை: இடையில் மாறியது டினுபுவின் நாற்காலியா, நண்பரின் அளவுகோலா?

அந்தத் தீர்ப்பின் பின்பாதியையும் வாசிக்கலாமே. மானியம் போய் இரண்டே மாதத்தில் லிட்டர் 600 நைராவைத் தாண்டியது. மக்கள் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில் 45 அமைச்சர்கள் பதவியேற்றார்கள். ஆண்டு முடிவதற்குள் துணை வரவுசெலவுத் திட்டத்தில் அதிபருக்கான உல்லாசப் படகுக்கென 500 கோடி நைரா எட்டிப் பார்த்தது. ஊரே கொதித்த பிறகுதான் கீழவை அதை நீக்கியது. ஒரோன்சாயே அறிக்கையைச் செயல்படுத்த ஆணை பிறந்ததோ 2024 பிப்ரவரியில். சாமானியன் மீதான சிக்கனத்துக்கு ஒரு புத்தாண்டு இரவு போதும், அரசின் மீதான சிக்கனத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளும் போதாது என்பதல்லவா வரலாறு வழங்கிய தீர்ப்பு?

கடைசியாக, 97 நைராவுக்கு விலை இறங்கியதும் கலைந்துபோன தோல்விப் போராட்டம் என்ற ஏளனம். ஜனவரி 9இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தைச் சங்கத் தலைமை 16இல் நிறுத்தியதும், அன்றே லாகோஸ் வீதிகளில் படையினர் இறக்கப்பட்டதும் உண்மை. சங்கங்கள் அவசரப்பட்டன என்று தெருவில் நின்றவர்களே குமுறினார்கள். ஆனால் மேலே நான் அடுக்கிய மானியக் கணக்குகளைத் தந்த விசாரணைக் குழு எங்கிருந்து வந்தது? வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பதறிக் கூடிய கீழவை அமைத்தது அது. குழுத் தலைவர் ஃபாரூக் லாவனே லஞ்சம் வாங்கிச் சிறை சென்றவராயிற்றே என்று நண்பர் கண்சிமிட்டுகிறார். சென்றார்; 2021இல் நீதிமன்றம் தண்டித்தது. அந்த லஞ்சம் எதற்காக? குற்றப் பட்டியலிலிருந்து நிறுவனப் பெயரை நீக்குவதற்காக. பொய்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க எவரும் 5 லட்சம் டாலர் கொடுப்பதில்லை என்பதை ஊகிக்கப் பொருளியல் பட்டம் தேவையில்லை.

நண்பரின் கோபம் நைஜீரியர்களின் அறியாமை மீதல்ல என்பது வாசகர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். வரிசெலுத்துவதோடு வாயை மூடிக்கொள்ளாமல் பேரேட்டைத் திறந்து காட்டு என்ற குடிமகனின் அதிகப்பிரசங்கித்தனம்தான் அவரை உறுத்துகிறது. சீர்திருத்தம் வேண்டும், ஆனால் அது கீழ்நோக்கி மட்டுமே பாய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதை நேர்மையாகச் சொல்லியிருந்தால் நான்கு வரியில் முடிந்திருக்கும். இன்னமும் தன் கணக்கே சரி என்பாரானால் ஒன்று செய்யட்டும்: 24,500 கோடிக்கும் 2.58 லட்சம் கோடிக்கும் நடுவே போன பணம் எந்த ஏழையின் வீட்டுக்குப் போனது என்று விலாசம் தரட்டும். அதுவரை மூடர் பட்டத்தை அவரே பத்திரமாக வைத்திருக்கலாம்.