இட்லித் தட்டும் ரம்மியும்

செந்துறை பேருந்து நிலையம் பக்கம் மாலையில் கூடும் நம் பென்ஷன் நண்பர்கள் சென்ற வாரம் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள்: பிள்ளைகளின் தமிழைக் கெடுத்தது கம்ப்யூட்டர் கேம்தான் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே பேச விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி குடும்பங்களைக் குலைத்தது உண்மை. அதற்கெதிராக 2022 அக்டோபரில் நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியதும் நியாயமே. ஆனால் சூதாட்டத்தையும் புதிரையும் ஒரே கோப்பில் கட்டினால் எப்படி? ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டியவன் கேட்கிறேன்.

விடுமுறைக்கு வந்த பேத்தி, தாவிக் குதித்துக் கதவு திறக்கும் ஒரு விளையாட்டை முதலில் காட்டினாள். என் விரல் ஒத்துழைக்கவில்லை. "அப்ப இதை ஆடுங்க தாத்தா" என்று 'வெண்பா'வைத் திறந்தாள். நான் ஈற்றடி முச்சீர் என்று ஆரம்பிக்க, அவள் சிரித்தாள். வெண்பா என்பது 1980களில் கணவனோடு கனடா போன ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயராம். டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து, 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு ஆண்டே, முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கியது.

அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லி! தட்டு அடுக்குவதில் நான் இரண்டு முறை தோற்றேன். பின்னால் நின்ற என் மனைவி, "என்னங்க, ஐம்பது வருஷமா இட்லி தின்னீங்களே, தட்டைப் பார்த்ததே இல்லையா?" என்றாள். பதிலில்லை.

ஆனால் என்னை உலுக்கியது சமையல் அல்ல. மகன் கவின் வளர வளர அம்மாவின் தமிழிலிருந்து விலகிப்போகிறான். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மா தமிழில் கூப்பிட்டால், தெருப்பிள்ளைகள் முன்னால் "வுய், மமான்" என்று பதில் சொல்வேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். அவள் வைத்த மீன்குழம்பின் பக்குவத்தை நான் கேட்டு வைக்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருந்தது? ரேடியோகூட இல்லை. பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்து, வீட்டிலும் "மம்மி என்று கூப்பிடு" என்று பழக்கிவிட்டு, பழியை ஒரு பெட்டியின் மேல் போடுகிறோம். அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் என் பேத்தி 'ஈற்றடி' என்றால் என்ன என்று கேட்டாள். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன், பொறுமையாகக் கேட்டாள்.

மொத்த விளையாட்டும் ஒன்றரை மணி நேரம்தான். நம் பெஞ்சில் அரசியல் பேசுவதைவிடக் குறைவு. மடிக்கணினி இன்னும் நான்கு நாள் இங்கேதான் இருக்கும். திட்டுகிறவர்கள் ஒருமுறை வந்து ஆடிவிட்டுத் திட்டலாம். ஆனால் புட்டுக் கட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதைத் தான்தான் ஆடப்போவதாக என் மனைவி சொல்லிவிட்டாள்.