பிரியாவிடையிற் சொல்ல வேண்டியது

நெடுங்காலம் சேவை செய்து இளைப்பாறும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு நாம் பிரியாவிடை நடத்துகின்றோம். மாலை சூட்டுகின்றோம்; வாழ்த்துப்பா வாசித்தளிக்கின்றோம். கடமையிற் கண்ணானவர், நேர்மை தவறாதவர் என்று பேச்சாளர் யாவரும் புகழ்கின்றனர். ஆயினும், அவர் செய்த காரியம் இன்னது என்று எடுத்துரைப்பார் மிகச் சிலரே. சூட்டிய மாலை மறுநாள் வாடிவிடும். செய்த காரியத்தைக் குறித்துச் சொல்வதே வாடாத மரியாதை என்பது நம் கருத்து.

இதற்கு வங்காளப் பொலிஸ் படையிற் பணிபுரிந்த அஸீஸுல் ஹக் என்பவரின் வரலாறு தக்க சான்றாகும். கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிற் கணிதம் பயின்ற இவர், 1892ஆம் ஆண்டில் உப பரிசோதகராகச் சேர்ந்தார். அப்போது பொலிஸ் மா அதிபராயிருந்தவர் எட்வர்ட் ஹென்றி. கைவிரல் அடையாளம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அன்றே தெரிந்திருந்தது. ஆனால், ஆயிரக்கணக்கான தாள்களுள் வேண்டிய ஒன்றை எங்ஙனம் தேடி எடுப்பது? இதுவே அன்றிருந்த இடர்.

ஹக் கணிதத்தால் வழி கண்டார். ஒரு விரலிற் சுழி இருக்கும், அன்றேல் இராது. விரலுக்கு இரண்டு நிலை எனப் பத்து விரல்களுக்கும் பெருக்கினால் 1,024 வகைகள் வரும். மாணவர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம். 32 நிரைகளும் 32 நிரல்களும் கொண்ட பெட்டகத்தில், ஒவ்வொரு வகைக்கும் ஓர் அறை அமைந்தது. உடன் பணிபுரிந்த ஹேம் சந்திர போஸ் இவ்வேலையை மேலும் வளர்த்தார். 1897இல் கல்கத்தாவிற் கைவிரல் அடையாளப் பணியகம் நிறுவப்பெற்றது. 1901இல் இம்முறை இலண்டனுக்குச் சென்று, பின் உலகெங்கும் பரவிற்று. அதற்கு நிலைத்த பெயரோ ‘ஹென்றி முறை’ என்பது.

ஹக் பீகாரிற் பொலிஸ் அத்தியட்சகராக உயர்ந்து இளைப்பாறினார். கான் பகதூர் பட்டமும் 5,000 ரூபா வெகுமதியும் அவருக்குக் கிடைத்தன. ஆயினும், அவற்றினும் மேலானது ஒரு கடிதம் என்போம். 1918இலேயே பதவியினின்று நீங்கியிருந்த ஹென்றி, 1926இல் அதனை எழுதினார். இம்முறை செம்மையுறுதற்குத் தம் உத்தியோகத்தர் அனைவரினும் மிகுதியாக உழைத்தவர் ஹக்கே என்று அதில் ஒப்புக்கொண்டார். கால் நூற்றாண்டு கழிந்து வந்த சொல்லேனும், ஹக் கண்மூடுமுன் வந்தது. அவர் மறைந்தது 1935இல்.

ஆதலின், பிரியாவிடை ஒழுங்குசெய்வோர்க்கு ஒன்று சொல்வோம். வாழ்த்துப்பா எழுதத் தொடங்குமுன், அவரின் கீழ்ப் பணிபுரிந்தவர்களை விசாரியுங்கள். எந்த ஊரிற் பகையைத் தணித்தார், தொலைந்த எந்தப் பிள்ளையைத் தேடிக் கொணர்ந்தார், எவருடைய வற்புறுத்தலுக்கு இணங்க மறுத்தார் என்று கேட்டறிந்து, அதனைச் சபையிற் சொல்லுங்கள். முன்வரிசையில் அவருடைய மனைவியும் மக்களும் அமர்ந்திருப்பர். தீபாவளியன்றும் தந்தை வீட்டில் இல்லாது போனது எதற்காக என்பதை அப்பிள்ளைகள் அன்றாவது அறியட்டும்.