படிவம் 4-க்கு முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஜொகூர் மாநிலச் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

பெக்கான் நானாஸிலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம் அன்னாசித் தோட்டத்தில் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே அறையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வளையல் கழன்று வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. சோப்பு நுரையைத் தடவி, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல உருவினார். கையை நேராக வைத்து ஒரு படம், பக்கவாட்டில் திருப்பி ஒரு படம். "அசையாம இருங்கம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போனார். அம்மாவுக்குப் பாதி வலி அங்கேயே போய்விட்டது.

கூட வந்த என் மகள் படிவம் 3. "அந்த அக்கா டாக்டராப்பா?" என்றாள். இல்லை, படம் எடுக்கும் ஜூரு எக்ஸ்ரே. படத்தைப் படித்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்ட்தான் மருத்துவர் என்றேன். "அக்கா மாதிரி ஆக என்ன படிக்கணும்?" எனக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எஸ்பிஎம் முடித்து மூன்று ஆண்டு டிப்ளோமா படிக்கலாம். பட்டம் வேண்டுமென்றால் யுகேஎம், யுஐடிஎம் இருக்கின்றன. எலும்பும் உறுப்பும் மட்டுமல்ல, கதிர்வீச்சை அளந்து கையாளவும் கற்றுத் தருகிறார்கள். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவருக்குக் கதிர்வீச்சின் ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1. அதனால்தான் ஈய ஏப்ரன், சட்டையில் குத்திய அளவுமானி, கர்ப்பமா என்ற கேள்வி எல்லாம். மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சியும் உண்டு. துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் வேண்டும்.

இத்தனைக்கும் அடித்தளம் கணிதமும் அறிவியலும். எங்கள் பிள்ளைகளோ படிவம் 4-இல் பாடத் தொகுப்பு எடுக்கும்போது, "இயற்பியல் கஷ்டம்" என்று தோழி சொன்னதைக் கேட்டு விட்டுவிடுகிறார்கள். எஸ்பிஎம் முடிவு வந்த பிறகு நடக்கும் கல்விக் கண்காட்சியில் இதைச் சொல்லி என்ன பயன்? வழி அதற்குள் குறுகிவிடுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. எங்கள் பொந்தியான் வட்டாரப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, படிவம் 3 பிள்ளைகள் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒரு ஜூரு எக்ஸ்ரேயை அரை நாள் அனுப்பி வையுங்கள். ஈய ஏப்ரனைக் கொண்டுவரட்டும். பிள்ளைகள் மாட்டிப் பார்த்து அதன் கனத்தை உணரட்டும். வளையல் கழற்றிய அந்தப் பெண்ணே வந்தால் என் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
படிவம் 3 மாணவி ஒருத்தியின் தந்தை,
பெக்கான் நானாஸ்