கணிப்பொறியும் கடமையும்

கணிப்பொறி புகையை உமிழ்வதில்லை. பேரிரைச்சல் எழுப்புவதும் இல்லை. ஆதலின் அதனால் நிலத்திற்கும் நீருக்கும் காற்றிற்கும் கேடு விளையாது என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. நாம் அனுப்பும் செய்திகளும் படங்களும் தரவு மையம் எனப்படும் பெருங்கூடங்களில் சேமிக்கப்படுகின்றன. அங்கே பல்லாயிரம் கணிப்பொறிகள் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்குகின்றன. அவற்றை இயக்க மின்சாரம் வேண்டும். அவை வெளியிடும் வெப்பத்தைத் தணிக்கவும் மின்சாரம் வேண்டும். அயர்லாந்து நாட்டில் பயன்பட்ட மின்சாரத்தில் 2015 ஆம் ஆண்டில் 5 விழுக்காட்டைத் தரவு மையங்கள் நுகர்ந்தன. 2023 ஆம் ஆண்டில் அது 21 விழுக்காடாக உயர்ந்தது.

இத்துணை மின்சாரத்தை நுகரும் நிறுவனங்கள் இயற்கைக்கு ஊறு செய்யாத முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவற்றை அந்நெறியில் செலுத்துவது யாது? நல்லெண்ணமே என்பர் சிலர். தனி மனிதருக்கு நெஞ்சம் உண்டு. நிறுவனத்திற்கோ கணக்கேடு உண்டு. நிறுவனத்தை இயக்கும் ஆற்றல்கள் ஆதாயம், பழியச்சம், அரசாணை என மூன்று எனலாம்.

முதற்கண் ஆதாயத்தைக் காண்போம். அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்தில் பிரைன்வில் என்னும் ஊர் உள்ளது. அங்கே 2011 ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு தரவு மையத்தைத் திறந்தது. வெளிக்காற்றைக் கொண்டே பொறிகளின் வெப்பத்தைத் தணிக்குமாறு அது கட்டப்பட்டது. பொறிகளினின்று தேவையற்ற உறுப்புகள் நீக்கப்பட்டன. இதனால் முன்னைய கூடங்களைவிட 38 விழுக்காடு மின்சாரமும் 24 விழுக்காடு செலவும் குறைந்தன என அந்நிறுவனம் அறிவித்தது. மின்சாரத்தைச் சேமிப்பது பணத்தைச் சேமிப்பதாகும். ஆதலின் இவ்வகைச் சீர்திருத்தத்தை நிறுவனங்கள் தாமே விரும்பி ஏற்கின்றன.

எனினும், ஆதாயத்திற்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று கணக்கேடு கேட்கும். அம்மின்சாரம் எதனால் ஆக்கப்பட்டது என்று கேளாது. பிரைன்வில் பகுதிக்கு மின்சாரம் வழங்கிய நிறுவனம் பெரிதும் நிலக்கரியை எரித்தே அதனை ஆக்கியது. மேலும், சிக்கனத்தால் ஒரு பொருளின் பயன் மலிவாகும்போது அதன் நுகர்ச்சி பெருகும் என்பதை நிலக்கரியைச் சான்றாகக் கொண்டு ஜெவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1865 ஆம் ஆண்டிலேயே விளக்கினார். இன்றைய கணிப்பொறிகளுக்கும் இது பொருந்துவதன்றோ?

கணக்கேடு கேளாத வினாவை மக்கள் கேட்டனர். கிரீன்பீஸ் என்னும் இயக்கம் 2010 ஆம் ஆண்டில், நிலக்கரியைக் கைவிடுமாறு ஃபேஸ்புக்கை வற்புறுத்தத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் பக்கங்களிலேயே மக்கள் திரண்டு தம் கருத்தை எழுதினர். 2011 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இனி மையங்களுக்கு இடம் தேர்கையில் தூய மின்சாரம் கிடைக்கும் இடங்களுக்கு முதன்மை தருவதாக அந்நிறுவனம் உடன்பட்டது. நற்பெயரை விற்றுப் பொருள் ஈட்டுவோர் பழிக்கு அஞ்சியே ஆகவேண்டும்.

ஆயினும், மக்கள் கண்ணுக்குத் தெரியும் குறையைத்தான் பழிக்க இயலும். கருவிக்குள் மறைந்திருக்கும் நஞ்சை யார் அறிவார்? இங்கேதான் அரசாணை வேண்டப்படுகிறது. மின்கருவிகளில் ஈயம், பாதரசம், காட்மியம் முதலியவற்றுக்கு வரம்பு விதித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2006 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் விற்க விரும்பிய பிற நாட்டினரும் தம் செய்முறையை மாற்ற வேண்டியதாயிற்று. சட்டம் எல்லார்க்கும் பொது. ஆதலின் நன்மை செய்பவன் நட்டப்படாமலும், தீமை செய்பவன் ஆதாயம் பெறாமலும் அது காக்கின்றது.

ஏரி நீர் தன் நற்குணத்தால் நிற்பதில்லை, கரையால் நிற்கிறது. அக்கரையைக் காப்பவர் ஊரார். அதுபோல, ஆதாயம் ஓடும் வழியில் ஓடட்டும்; அதற்குச் சட்டமும் மக்கள் குரலும் கரைகளாக அமைதல் வேண்டும். ஆதாயத்தை மட்டும் நம்பி வாளாவிருத்தல், கரையின்றி ஏரி வெட்டுவதை ஒக்கும்.

மாணவர்களே! நம் நாட்டிலும் மின்கழிவு பற்றிய விதிகள் 2012 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. பழுதான கருவிகளை முறையாக மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை அவை உற்பத்தியாளர்மேல் வைத்துள்ளன. ஆனால் பழைய கருவியைக் குப்பையில் எறிபவர் அவ்விதியைப் பயனற்றதாக்குகின்றனர். நாளை நீங்கள் கருவிகளை வாங்குவீர்கள், நிறுவனங்களில் பணிபுரிவீர்கள், வாக்களித்து அரசை அமைப்பீர்கள். இப்பொறியை இயக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பழுதானபின் இஃது எங்கே போகிறது? இவ்விரு வினாக்களையும் அஞ்சாது கேளுங்கள். கேட்பவர் பெருகினால் விடை கூறாதிருக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது.