கல் விழவில்லை, கண்ணாடி விழுந்தது

விண்கல் என்று பேச்செடுத்தாலே நண்பர்கள் சொல்வது இதுதான்: "சின்னக் கல்லெல்லாம் காத்துலயே எரிஞ்சு போயிடும், விடுடா." இந்த பதில்மீதுதான் எனக்குக் கோபம். அது பொய் என்பதால் அல்ல, பாதி உண்மை என்பதால்.

2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துப் பக்கம் வந்ததும் சின்னக் கல்தான். குறுக்களவு சுமார் 20 மீட்டர்; வேகம் வினாடிக்கு 19 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் காற்று ஒரு சுவர். கல்லுக்கு முன்னால் காற்று நெரிபட்டு அழுத்தம் ஏறுகிறது. பின்னால் கிட்டத்தட்ட வெற்றிடம். அழுத்தம் கல்லின் உறுதியை மீறியதும், பழைய விரிசல்கள் வழியாக அது பிளக்கிறது. துண்டுகள் பரவப் பரவக் காற்றில் மோதும் பரப்பு கூடுகிறது, இன்னும் உடைகிறது. சில நொடிகளில் ஆற்றல் முழுக்க வெப்பமாகவும் அதிர்வலையாகவும் கொட்டித் தீர்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் நடந்த அந்த வெடிப்பு, ஹிரோஷிமா குண்டைப்போல் கிட்டத்தட்ட முப்பது மடங்கு. கேடயம் என்கிறோமே, அந்தக் காற்றுதான் கல்லை வெடிகுண்டாகவும் ஆக்கியது.

சுமார் 1,500 பேருக்குக் காயம். காரணம் கல் இல்லை, பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி. வானத்தில் வெளிச்சம் தெரிந்ததும் "என்னது அது?" என்று ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். அதிர்வலை நகரத்துக்கு வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. பள்ளி ஒன்றில் ஆசிரியை பிள்ளைகளை மேசைக்கடியில் போகச் சொன்னார். 44 பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் கையில் வெட்டு.

"அதான் விஞ்ஞானிங்க பாத்துக்குவாங்களே?" அன்றைக்கு அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், பூமியை ஒட்டிக் கடக்கவிருந்த வேறொரு கல்லை. இது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது; எந்தத் தொலைநோக்கியிலும் சிக்கவில்லை.

ராக்கெட்டில் போய்க் கல்லைத் தகர்க்கும் நாயகர்களைத் திரையில் பார்த்துக் கைதட்டுகிறோம். தட்டுவோம், தப்பில்லை. ஆனால் அந்த நகரத்துக்குத் தேவைப்பட்டது நாயகன் இல்லை, ஒரே ஒரு வரி: வெளிச்சம் முதலில் வரும், அடி பிறகு வரும், ஜன்னலை விட்டு விலகு. இதைச் சொல்லித்தராத அறிவியல் பாடம் எதற்கு?

மின்னல் வெட்டியதும் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்லி என் காதைப் பொத்திய பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் ஓசை வரும் என்று அவள் காத்திருந்தாள். நாம்தான் இன்றைக்கு செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவோம்.